வாஷி பாலமும் மாமனாரின் பாம்பனும்

கேள்வி: நாங்கள் தாராவியில், 90 அடி ரோடு பக்கம் இருக்கிறோம். எனக்கு வேலை பேலாப்பூரில். தினமும் சயானில் கம்பெனி பஸ் ஏறி வாஷி பாலத்தைத் தாண்டித்தான் போகிறேன். 2025 ஜூலையில் குஜராத்தில் பாலம் உடைந்து, அதன் நுனியில் டேங்கர் தொங்கிய படத்தைப் பார்த்ததிலிருந்து, பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். டிராஃபிக்கில் நின்றால் பாலம் ஆடுவது எனக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. கணவர் ‘எல்லாம் கமிஷன்’ என்கிறார். மாமியார் ‘ஆறு காவு கேக்கும்’ என்கிறார். கொழுந்தன் மந்திரி ராஜினாமா செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுகிறார். மாமனாருக்கு ராமநாதபுரம் பக்கம்; ‘வெள்ளைக்காரன் கட்டின பாம்பன் நூறு வருஷம் நின்னுது’ என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். யார் சொல்வது சரி? நான் ரயிலில் போய்விடட்டுமா? எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்ய முடியும்?

பி.கு.: சயான் பாலத்தை மூடி ஒரு வருஷம் ஆகிறது. மாமனாரை சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. நன்றாக நின்றுகொண்டிருந்த பாலத்தை எதற்கு மூடினார்கள் என்று அவர்களையும் நாலு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேள்விக்காக, இரண்டாம் முறை அந்தப் பின்குறிப்புக்காக. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளும் விஷயம்.

பாலம் ஆடுவது உங்கள் பிரமை இல்லை. ஆடத்தான் செய்யும். பஸ் ஓடும்போது அதன் சொந்தக் குலுக்கலில் பாலத்தின் அசைவு தெரியாது. நிற்கும்போது பக்கத்து லேனில் ஒரு கன்டெய்னர் லாரி போனால், இருக்கை மெல்ல இறங்கி ஏறுவது தெரியும். சிரிக்கிறவர்கள் செல்போனில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இரும்பும் கான்கிரீட்டும் எடை ஏறினால் கொஞ்சம் வளையும், எடை போனதும் பழைய இடத்துக்கு வரும். வருகிறதா என்பதுதான் பாலங்களைச் சோதிக்கும் என்னைப் போன்ற இன்ஜினியர்களின் கவலை. அதற்கென்றே லோட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஜல்லி ஏற்றிய லாரிகளைப் பாலத்தின் நடுவில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு முழு நாள் கீழே உட்கார்ந்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று குறித்துக்கொண்டே இருப்போம். லாரிகளை எடுத்த பிறகு இன்னொரு நாள், எவ்வளவு திரும்பி ஏறியது என்று பார்ப்போம். என் முதல் லோட் டெஸ்டில் பாலம் இறங்குவதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட இருந்த சீனியர், “இறங்காம நின்னாத்தான்டா ஓடணும்” என்றார். மீட்டர் கெட்டிருக்கிறது என்று அர்த்தமாம்.

ரயிலில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஹார்பர் லைன் ரயிலும் மான்குர்டுக்கும் வாஷிக்கும் நடுவில், வாஷி பாலம் தாண்டும் அதே தானே உப்பங்கழியைப் பாலத்தில்தான் தாண்டுகிறது. நெரிசல் மட்டும்தான் கூடும்.

உப்பங்கழி மேல் நிற்கும் பாலத்துக்கு வேண்டிய கவனம் வேறு. தானே கழியில் 1973இல் திறந்த முதல் பாலம், உள்ளே இருந்த கம்பிக் கற்றைகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, சீக்கிரமே நோயாளி ஆகிவிட்டது. வெளியிலிருந்து புதுக் கம்பி கொடுத்து இழுத்துக்கட்ட வேண்டி வந்தது. 1997இல் இரண்டாவது பாலம் வந்தது, இப்போது மூன்றாவதும் திறந்தாயிற்று. கோவாவில் மாண்டவி ஆற்றின் மேல் 1970இல் திறந்த பாலம் பதினாறே வருஷத்தில், 1986 ஜூலையில், இதே கம்பித் துருவால் விழுந்தது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. கழிப் பாலம் என்றால் யாராவது ஒருவன் படகில் அடியில் போய், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷம் நான் செய்தது அந்த வேலைதான்.

அந்த வேலையில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் படகில் போவோம். கையில் ஒரு சின்னச் சுத்தியல். கும்பார்வாடாவில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறீர்களே, அதேதான். நல்ல கான்கிரீட் கணீர் என்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்தோல் விலகியிருந்தால் ‘பொத்’ என்று ஒரு செத்த சத்தம் வரும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவோம். ஒரு தூணின் தலையில் இரண்டு வட்டம் என்றால் குறித்துக்கொண்டு நகர்வோம். பத்து வட்டம் என்றால் படகோட்டியே “சாஹேப், கொஞ்சம் தள்ளி நிறுத்தவா?” என்று கேட்பான்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பாலத்து மழைநீர் வடியும் குழாய்கள் எப்போது பார்த்தாலும் அடைத்திருக்கும். கையை விட்டு இழுத்தால் பிளாஸ்டிக் பை, உள்ளே அழுகின சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், சில சமயம் முழுத் தேங்காய். பூஜைப் பூவை ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்று பஸ் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். பாதி கழியில் விழும், பாதி பாலத்தில். குழாய் அடைத்தால் மழைத் தண்ணீர் பாலத் துண்டுகள் சேரும் ஜாயின்ட் வழியாக இறங்கி, கர்டர் என்னும் உத்தரம் தூணின் மேல் உட்கார்ந்திருக்கும் தாங்கியில், பேரிங் என்போம், போய்த் தேங்கும். வருஷத்துக்கு நாலு மாதம் பேரிங் குளத்தில் நிற்கும், இரண்டாம் வருஷம் அங்கே ஓர் அரசங்கன்று முளைக்கும். என் சர்வீஸில் நான் பிடுங்கிய அரசங்கன்றுகளை நட்டிருந்தால் ஒரு பிள்ளையார் கோவில் தோப்பே ஆகியிருக்கும். பாலங்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலிருந்து சொட்டியோ, கீழே ஆற்றில் ஓடியோ.

சரி, வீட்டுத் தீர்ப்புகளுக்கு வருவோம்.

மாமியார் சொல்வதை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் வாய்க்கால் மேல் பாலம் கட்டியபோது, ‘பாலத்துக்குக் காவு கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறவன் வர்றான்’ என்று சாயங்காலம் ஆனால் எங்களைத் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டார்கள். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பிரிட்ஜ் 1967 டிசம்பர் 15ஆம் தேதி சாயங்காலம், கிறிஸ்துமஸ் கூட்ட நேரத்தில் விழுந்து 46 பேர் செத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பலர் அதற்கு முன்னால் இரவில் சிறகு முளைத்த ஓர் உருவத்தைப் பார்த்ததாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதைப் பாலத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்த உருவத்துக்கு அங்கே சிலை இருக்கிறது. இன்ஜினியர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஆற்றிலிருந்து இரும்பைப் பொறுக்கி எடுத்து ஒரு வயலில் பழையபடி அடுக்கிப் பார்த்தார்கள். பாலத்தைத் தூக்கிப் பிடித்திருந்த சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியில், இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு கீறல். அதுதான் ஆரம்பம். அதன் பிறகுதான் அந்த நாட்டில் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பாலத்தையும் சோதிக்க வேண்டும் என்ற தேசிய விதியே வந்தது.

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் ‘காவு வாங்கிய பாலம்’ என்று தலைப்பு போடும் பத்திரிகைகள் மேல்தான். பாலம் எதையும் வாங்காது. சம்பளம் வாங்குகிறவர்கள் வேறே இருக்கிறார்கள்.

கணவர் சொல்லும் ‘எல்லாம் கமிஷன்’ என்பதில் எனக்கு இடிப்பது கமிஷன் இல்லை, ‘எல்லாம்’. கமிஷன் உண்டு. விரலால் சுரண்டினால் உதிரும் கான்கிரீட்டை நானே பார்த்திருக்கிறேன், அது எப்படி அப்படி ஆனது என்று எனக்கும் தெரியும், போட்டவருக்கும் தெரியும். ஆனால் குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் விழுந்த கம்பீரா பாலம் 1985இல் கட்டியது. நாற்பது வருஷம் லாரி சுமந்திருக்கிறது. 1985இல் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தோண்டினால் கிடைப்பது செத்துப்போனவர் பெயராக இருக்கலாம். பாலம் அதிருகிறது என்று உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் 2022இலேயே எழுதிக் கொடுத்ததாகச் செய்தி வந்ததே, அந்தக் காகிதம் எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது? பக்கத்தில் புதுப் பாலம் கட்ட ஒப்புதல் கொடுத்தார்களே, அப்படியானால் பழையது சரியில்லை என்று அவர்களுக்கே தெரியும்தானே, அதில் லாரியை ஏன் விட்டார்கள்? இதையெல்லாம் ஒருவரும் கேட்காமல் போவதற்கு ‘எல்லாம் கமிஷன்’ என்ற இரண்டு வார்த்தை போதும்.

இதில் எனக்குப் பாடம் சொன்னது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். 2007 ஆகஸ்ட் 1, சாயங்காலம் ஆறு மணி தாண்டி, வேலை விட்டுப் போகும் நேரம். மிசிசிப்பி ஆற்றின் மேல் எட்டு லேன் நெடுஞ்சாலைப் பாலம், தினமும் சுமார் 1,40,000 வண்டிகள் போவது, சில நொடிகளில் ஆற்றுக்குள் போய்விட்டது. 13 பேர் செத்தார்கள், 145 பேருக்குக் காயம். சுற்றுலா போய்விட்டுத் திரும்பிய பிள்ளைகள் நிறைந்த ஒரு பள்ளி பஸ், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுவிட்டது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். அன்று ராத்திரியே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. துரு என்றார்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கவில்லை, பெட்ரோல் வரியை ஏற்றியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் அரசியல் என்று இன்னொரு கட்சி. எனக்கும் அப்போது துரு என்றுதான் தோன்றியது, நாலு பேரிடம் அடித்துச் சொல்லியும் விட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் விசாரித்து 2008 நவம்பரில் அறிக்கை வந்தது. இரும்புச் சட்டங்கள் வந்து சேரும் முட்டில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு, கஸ்ஸெட் பிளேட் என்போம். முக்கியமான சில முட்டுகளில் அந்தத் தகடு ஓர் அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலம்தான் இருந்தது. யாரும் திருடவில்லை. 1960களில் வரைபடம் போட்டபோதே கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. திறந்து நாற்பது வருஷமாக ஒருவரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. நடுவில் பாலத்தின் எடையைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். விழுந்த அன்று சாலை போடும் வேலைக்காக மணலையும் ஜல்லியையும் வண்டிகளையும் சரியாக அந்தப் பலவீனமான முட்டுக்கு மேலே குவித்திருந்தார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது இதற்குப் பிறகு வருவதைப் படித்துத்தான்: 1999லும் 2003லும் எடுத்த போட்டோக்களில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள், கோப்பில் போட்டிருக்கிறார்கள், மூடிவிட்டார்கள்.

நான் எடுத்த போட்டோக்களையெல்லாம் அன்றைக்கு மனதில் ஒரு முறை புரட்டினேன். எல்லாம் நினைவுக்கு வரவில்லை.

கொழுந்தன் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். அமைச்சர் ராஜினாமா கேட்பது தப்பே இல்லை, நம் ஆட்களுக்கு அதில் முன்னோடி உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடிமண் பறிபோய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அப்போதைய துணை அமைச்சர் ஓ. வி. அழகேசனை வைத்து எதுகை மோனையோடு தேர்தல் முழக்கமே எழுந்தது. உங்கள் மாமனார் வயதுக்காரர்களுக்குச் சொல்லியே கொடுக்க வேண்டாம். சாஸ்திரி போனது பெரிய மனது. ஆனால் அமைச்சர் போனது, அடிமண்ணை அரிக்கும் ஆற்று வெள்ளத்துக்குத் தெரியாதே. 2016 ஆகஸ்ட் 2 ராத்திரி நம் மும்பை - கோவா நெடுஞ்சாலையில், மஹாட் பக்கத்தில் சாவித்திரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போனது. அரசுப் பேருந்துகள் இரண்டு ஆளோடு ஆற்றில் போயின. புதுப் பாலத்தை 165 நாளில் கட்டிவிட்டோம் என்று திறப்பு விழாவில் பெருமையாகச் சொன்னார்கள். 165 நாள் பெரிய சாதனைதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த அவசரம் விழுவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்ட ஒரு பெரியவரின் பேட்டியை டிவியில் பாதியில் வெட்டிவிட்டு விளம்பரம் போட்டார்கள்.

‘உடனே எல்லாப் பாலங்களுக்கும் ஆடிட்’ என்று ஓர் உத்தரவும் வருமே, அதையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். 2018 ஜூலையில் அந்தேரி கோகலே பாலத்தின் நடைபாதை தண்டவாளத்தில் விழுந்தபோது ஊர் முழுக்க ஆடிட் என்ற பேச்சாகத்தான் இருந்தது. 2019 மார்ச் 14 சாயங்காலம் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு வெளியே நடைமேம்பாலத்தின் தளம் பெயர்ந்து விழுந்து உயிர்கள் போயினவே, அது ஆடிட்டில் பாஸான பாலம். சில்லறை ரிப்பேர் போதும் என்று எழுதியிருந்தது. கீழே சாலையில் அந்த நேரம் சிக்னல் சிவப்பாக இருந்ததால் வண்டிகள் குறைவு, இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஆடிட் என்பது ஒருவன் அடியில் போய்ச் சுத்தியலால் தட்டுவது. அதை மேஜையில் உட்கார்ந்தும் எழுதலாம்.

இப்போது உங்கள் பின்குறிப்பு.

கடிதத்தின் மேல் பாதியில், குஜராத் பாலத்தை ஏன் முன்பே மூடவில்லை என்று உங்கள் வீடே கொதிக்கிறது. கீழ்ப் பாதியில், சயான் பாலத்தை ஏன் மூடினார்கள் என்று அதே வீடு கொதிக்கிறது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, அம்மா. நாம் எல்லாருமே இப்படித்தான். ஆனால் என் வேலையில் நான் பட்ட பாடு முழுக்க இந்த இரண்டு பாதிக்கும் நடுவில்தான் இருந்தது.

சயான் பாலம் 1912இல் கட்டியது. பவாய் ஐஐடிக்காரர்கள் பார்த்துவிட்டு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்றார்கள். 2024 ஆரம்பத்திலேயே மூடுவதாக இருந்தது. எதிர்ப்பு வந்தது, அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள், தள்ளித் தள்ளிப் போய் ஆகஸ்ட் 1ஆம் தேதி மூடினார்கள். இடிக்கச் சொன்ன பாலத்தின் மேல் அத்தனை மாதமும் வண்டிகள் ஓடின, கீழே லோக்கல் ஓடியது. அப்போது விழுந்திருந்தால் நம் குரூப்பில் என்ன எழுதியிருப்போம்? விழவில்லை. அதனால் ‘நன்றாக நின்றுகொண்டிருந்த பாலம்’ ஆகிவிட்டது. கம்பீரா பாலமும் ஜூலை 8ஆம் தேதி வரை நன்றாகத்தான் நின்றது.

கோகலே பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை விழுந்து நாலு வருஷம் கழித்து, 2022 நவம்பரில் பாலத்தை மொத்தமாக மூடினார்கள். அந்தேரிக்காரர்கள் டிராஃபிக்கில் நின்று சாபம் விட்டார்கள். 2024இல் ஒரு பக்கம் திறந்தபோது, அதற்கும் பக்கத்து பர்ஃபிவாலா மேம்பாலத்துக்கும் உயரம் ஒத்துப்போகவில்லை என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டிய காரியம்தான். ஆனால் மூடியது தப்பு என்று அந்தச் சிரிப்போடு சேர்த்துச் சொன்னார்களே, அது மட்டும் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

இத்தாலியில் இதையே இன்னும் கொடுமையாகப் பார்க்கலாம். ஜெனோவாவின் மொராண்டி பாலம் விழும் நிலையில் இருக்கிறது, மாற்றுச் சாலை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அந்தச் சாலையை எதிர்த்த ஊர்க் குழு ஒன்று 2013இல், பாலம் விழப்போகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை என்று அறிக்கை விட்டது. அவர்களுக்கு வீடு, நிலம் என்று நியாயமான பயங்கள் இருந்திருக்கும். 2018 ஆகஸ்ட் 14, மழையில் பாலம் விழுந்து 43 பேர் செத்தார்கள். அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்கே வேண்டாம் என்று பல குடும்பங்கள் ஒதுங்கிவிட்டன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு சின்ன ஆற்றுப் பாலத்துக்கு, கனரக வண்டிகளை நிறுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தேன். ஊர் எது, அலுவலகம் எது என்பதெல்லாம் வேண்டாம். ஆலைக்காரர்கள் வந்தார்கள், கரும்பு வண்டிக்காரர்கள் வந்தார்கள், எல்லாருக்கும் நியாயம் இருந்தது. சுற்றிப் போனால் இருபது கிலோமீட்டர், டீசல் யார் கொடுப்பது? கடைசியில் சமரசமாக ஒரு இரும்புப் போர்டு வைத்தார்கள், எட்டு டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று. லாரிகள் அதைப் பார்த்துக்கொண்டே போயின. ஆறு மாதம் கழித்துப் போனால் போர்டே இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. பாலம் விழவில்லை, அடுத்த வருஷம் பணம் வந்து தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை, ஜாக்கெட் என்போம், போட்டோம். ஆனால் அந்த ஒரு வருஷம் மழை பெய்த ஒவ்வொரு ராத்திரியும் நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். 2025 ஜூனில் புனே பக்கம் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மேல் இருந்த இரும்பு நடைபாலம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உடைந்து நாலு பேர் இறந்தபோது, அங்கே எச்சரிக்கைப் போர்டு இருந்தது என்று சொன்னார்கள். போர்டு இருந்திருக்கும். குறுக்கே நாலு சிமென்ட் கட்டை இருந்திருக்க வேண்டும்.

அதனால் சயான் பாலத்தை மூடியவர்களை என்னால் திட்ட முடியாது. நீங்கள் திட்ட வேண்டியது வேறு ஒன்றுக்கு: மூடுவதற்கு முன் ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரி போகிறவர்களுக்கும் என்ன வழி செய்தார்கள், புதியது எந்தத் தேதியில் முடியும், தேதி தள்ளினால் யார் பதில் சொல்வது. அதை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கேளுங்கள். மாற்று வழி ஒழுங்காக இருந்தால் மூடும்போது எதிர்ப்பு குறையும். எதிர்ப்பு குறைந்தால் அடுத்த பாலத்தை மூட அடுத்த இன்ஜினியருக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். வீடியோவைப் பகிர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, செத்தவர்கள் முகம் தெரிவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதைவிட உபயோகமாக ஒன்று: நீங்கள் தினமும் போகும் பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கட்டணம், பதில் தர முப்பது நாள். மஹாராஷ்டிராவில் நூற்றைம்பது வார்த்தைக்குள், ஒரே விஷயமாக இருக்க வேண்டும். ‘பாலம் பத்திரமாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘ஆம்’ என்று ஒற்றை வார்த்தையில் வரும். கடைசியாகச் சோதித்த தேதி, அறிக்கையின் நகல், அதில் செய்யச் சொன்ன ரிப்பேர்கள், அவற்றில் எது எந்தத் தேதியில் முடிந்தது, மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு விஷயம் பாருங்கள். மூன்று வருஷ அறிக்கையிலும் ஒரே வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இருந்தால், யாரும் படகில் போகவில்லை என்று அர்த்தம். அப்போது என்னிடம் அனுப்புங்கள், அடுத்த மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.

கண்ணைத் திறந்துகொண்டு போனால் இன்னொரு லாபம் உண்டு. கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பை நீளவாக்கில் பாருங்கள். எங்காவது தொய்ந்து குழிந்திருந்தால் தெரியும். ஜாயின்டில் பஸ் ஏறும்போது ‘டக் டக்’ என்பது சாதாரணம். நேற்று வரை ‘டக்’ என்றது இன்று ‘தடார்’ என்றாலோ, இரண்டு பக்கத்துக்கும் படி மாதிரி உயர வித்தியாசம் தெரிந்தாலோ, தேதியும் லைட் கம்பத்து நம்பரும் குறித்துப் புகார் கொடுங்கள். தினமும் போகிறவர் காதுக்குத் தெரிவது, வருஷம் ஒரு முறை படகில் போகிற எனக்குத் தெரியாது. உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன் என்று சொல்வது இதனால்தான். ஆனால் தூக்கம் கெட்டு, பாலம் வருவதற்கு முன்பே நெஞ்சு படபடத்து, வேலையை விடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனால், அது என் துறை இல்லை. ஒரு மனநல டாக்டரைப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

மாமனாரை விட்டுவிட்டேனே. வெள்ளைக்காரன் கட்டியதில் விழுந்ததெல்லாம் இப்போது நம் கண்ணில் படாது, நிற்பது மட்டும்தான் படும். அந்த சாவித்திரி பாலமே பிரிட்டிஷ் காலத்துக் கல் வளைவுப் பாலம்தான். பாம்பனும் 1914இல் திறந்தபடியே நிற்கவில்லை. 1964 புயலில் பெரும் பகுதி கடலோடு போய், இன்ஜினியர் ஸ்ரீதரன் குழு 46 நாளில் மீட்டது. அகலப்பாதை ஆக்கியபோது பலப்படுத்தினார்கள், வருஷம் முழுக்க ஆள் வைத்துப் பெயின்ட் அடித்தார்கள். கடைசியில் இரும்பு அரித்துப்போக, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். மாமனார் நடுவில் ஊருக்குப் போயிருந்தால் அவரும் மூட்டையோடு இறங்கியிருப்பார். அன்றைக்கு அந்த மண்டபம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு யாரை, என்ன வார்த்தையில் திட்டினார் என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். அச்சில் ஏற்ற முடிகிற மாதிரி இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.